ஆடி மாதத்து நான்கு வீதிகள்

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளையும் என்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றி வர முடியும். தெற்கு வீதியில் எந்த இடத்தில் சாக்கடைக் கல் ஆடும், மேலவீதியில் எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எது நிறுத்திக்கொள்ளாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஒரே ஒரு கதவைத் தட்டுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் மிச்சமிருந்த ஊர் முழுவதையும் நடந்தே பார்க்கும்படி ஆயிற்று.

அது என் மாமனார் வீட்டுக் கதவு.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடலூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் நான் கடைசி பெஞ்சு கிளார்க். புதுப்பாளையத்தில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக ஒண்டுக் குடித்தனம். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண்ணுக்குச் சிதம்பரம். மாமனாருக்குக் கீழவீதியில் பாத்திரக்கடை, மேலவீதியில் வீடு. இடையில் கோயில்.

கல்யாணத்துக்கு மாமனார் எனக்கு மோதிரம் போட்டார், குடை கொடுத்தார், ஒரு ஜோடி தோல் செருப்பும் கொடுத்தார். அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தைக்கச் சொல்லும்போதே, "நடந்தா சத்தம் கேக்கணும்ப்பா, மாப்ள செருப்பு" என்று தனியாகச் சொல்லித் தைத்தாராம். தைத்தவர் தொழில் தெரிந்தவர். ஓர் அடி வைத்தால் 'கிறீச்', அடுத்த அடிக்கு 'கிறாச்'. கிணற்று ராட்டினம் ஒன்று வேட்டி கட்டிக்கொண்டு நடந்து போவதுபோல் இருக்கும். எனக்கு அது கம்பீரமாகப் பட்டது. என்னைத் தவிர வேறு யாருக்கும் அப்படிப் பட்டதாகத் தகவல் இல்லை.

அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஏழு வாரத்தில் அவளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இரண்டு தடவை, பாடலீசுவரர் கோயிலுக்கு மூன்று தடவை, சினிமாவுக்கு ஒரு தடவை கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்பது பேச்சுக்கு. நான் போனேன், அவள் வந்தாள். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பியதும் சாவகாசமாக, "கடலூர் எப்படி, புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது" என்றாள். "நீலக் கோடு போட்ட சட்டை. காலருக்குக் கீழ ஒரு தையல் விட்டுருக்கு."

"அது என் சட்டை."

"ஆமா. அதைத்தான நான் பார்த்தேன். நீங்கதான் ரயிலைப் புடிக்கிற மாதிரி போறீங்களே."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் முழுசாகச் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. என் மூளை எப்போதும் என் கால்களுக்குப் பத்தடி பின்னால்தான் வரும்.

ஆனி முடிந்தது. ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும், தெரிந்ததுதான். மாமனார் நேரில் வந்தார். பெண்ணை அழைத்துப் போகவும், ஆடி ஒன்றாம் தேதி விருந்துக்கு மாப்பிள்ளையை அழைக்கவும். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் அழைப்புக்கே சரி என்று சொல்லிவிட்டால் அவனுக்கு மதிப்பில்லை. முதல் தடவை முடியாது என்பான். மாமனார் கெஞ்சுவார். இரண்டாம் தடவை பார்க்கலாம் என்பான். மாமியார் தரப்பிலிருந்து ஆள் வரும். மூன்றாம் தடவை, ஏதோ இவர்கள் முகத்துக்காக வருகிறேன் என்பதுபோல் தலையை அசைப்பான். என் அண்ணன் அப்படித்தான் செய்தான், என் மாமா அப்படித்தான் செய்தார். நானும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எங்க மாமா வர்றது. வியாழக்கிழமை ஆடி பொறக்குது. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. லீவு கெடைக்காது. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமைகூடக் கூப்புடுறாங்க."

கடைசி வாக்கியம் தேவையே இல்லாதது. ஒரு சுவைக்காகச் சேர்த்தேன்.

மாமனார் நேர்மையான மனிதர். கடையில் ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. பேரம் என்றால் அவருக்கு ஆகாது. அடுத்தவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்வார். அவர் முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது.

"சரி மாப்ள. கவர்மெண்டு வேலை. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் காபியைக் குடித்தார். நான் இன்னும் காத்திருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்து, "கெளம்பும்மா, ரெண்டு மணி பாசஞ்சர் இருக்கு" என்றார். அவள் சமையற்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திற என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. நான் வாயைத் திறந்து, "உங்க குடையை எடுத்துக்கங்க மாமா, வெயிலா இருக்கு" என்றேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை நானும் மாமனாரும் முன்னால் போனோம், அவள் பின்னால் வந்தாள். பிளாட்பாரத்தில் மாமனாரோடு பாத்திர விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வண்டி புறப்பட்டது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. 'போயிட்டு வா' என்ற இரண்டு வார்த்தையைக்கூட நான் அவளுக்குச் சொல்லவில்லை. மாமனார் எதிரில் வெட்கமாக இருந்தது. பிறகு நாள் கணக்கில் அந்த இரண்டு வார்த்தை என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் மடித்து வைத்திருந்த பாய் மூலையில் நின்றது. பால் காய்ச்சப் போய்ப் பாத்திரத்தைக் கரியாக்கினேன். கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவள் பேருக்கு எழுதினால் மாமனார் உரக்கப் படித்துக் காட்டுவார், அதுதான் அந்த வீட்டு வழக்கம். ஆகவே மாமனாருக்கே எழுதினேன். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா, மற்றும் வீட்டில் உள்ள அனைவருக்கும் என் அன்பு. அந்த 'அனைவருக்கும்' என்ற சொல்லில் பேனாவை அழுத்தி எழுதினேன். மையில் தெரிந்துகொள்வாள் என்று நம்பிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் தானாக ஸ்டேஷனுக்குப் போனது. பாசஞ்சர் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்பும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியும் சவுக்கும் வந்துகொண்டிருந்தன. அழைப்பில்லாமல் மாமனார் வீட்டுக்குள் போக முடியாது. ஊருக்குள் போகலாமே. ஊர் மாமனாருடையது இல்லையே.

சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் குதிரைவண்டிக்காரர் ஒருவர் நின்றார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள்.

"எங்க போவணும் தம்பி? ஏறுங்க" என்றார்.

"வேணாம் பாய். சும்மா ஊரை நடந்து பார்க்கலாம்னு வந்தேன்."

பாய் என் மோதிரத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், இரண்டடி நடந்ததும் செருப்பையும் கேட்டார்.

"ஆடி மாசத்துல புது மாப்ள ஊரைப் பார்க்க வந்துருக்காரு" என்று குதிரையிடம் சொன்னார். குதிரை காதை ஆட்டியது.

ஒரு தெருவில் ஒருவன் போய்ப் போய்த் திரும்பினால் திருடன் என்பார்கள். ஆனால் கோயிலை வலக்கைப் பக்கம் விட்டு நான்கு வீதியும் சுற்றினால் பக்தன். எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. இப்படி ஒரு வசதியை எந்த ஊரும் செய்துகொடுத்ததில்லை. ஒரே சங்கடம், கீழவீதியில் மாமனாரின் கடையைத் தாண்ட வேண்டும். அங்கே வரும்போது குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். யார் கண்ணிலும் படாமல் போகிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். காலுக்குக் கீழே கிறீச், கிறாச்.

முதல் சுற்றில் மேலவீதி வீட்டின் பச்சைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் சுற்றிலும் சாத்தியிருந்தது. ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு சேலை காய்ந்தது. கடுகு நிறம், சிவப்புக் கரை. கடற்கரைக்கு வந்தபோது கட்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தேனே. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு தடவையும், திரும்பி வந்ததும் ஒரு தடவையும் பார்த்திருக்கிறேன். இடையில் இரண்டு மைல் தூரம் அந்தச் சேலை காற்றில் எப்படிப் பறந்தது என்பது தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

சேலையைப் பார்ப்பதற்காகவே மூன்றாம் சுற்று. காற்றில் ஒரு முனை எழுந்து விழுந்தது. நான்காம் சுற்று. ஐந்தாம் சுற்று வந்தபோது சேலை இல்லை. நான் வடக்கு வீதியில் இருந்த நேரத்தில் அவள் மாடிக்கு வந்து எடுத்துப் போயிருக்கிறாள். நான் நிதானமாக நடக்கிறேன் பேர்வழி என்று வடக்கு வீதியில் ஒரு பொரிகடலைக் கடையை வேடிக்கை பார்த்தேன், அந்த நேரத்தில். வாழ்க்கையில் முதல்முதலாக நின்று நிதானித்ததற்குக் கிடைத்த பலன்.

அதன் பிறகு ஓட்டலில் உட்கார்ந்து இட்லிக்குக் கொத்சு கேட்டேன். கத்திரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்யும் சிதம்பரத்துக் கொத்சு. கடலூரில் அவள் ஒருநாள் செய்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊர்ல கத்திரிக்காயை இவ்வளவு அடிச்சு உதைக்க மாட்டோம்" என்று நகைச்சுவை செய்தேன். அவள் இரண்டாம் முறை செய்யவில்லை. இப்போது பரிகாரமாக இரண்டு பிளேட் சாப்பிட்டேன். அவள் செய்தது இதைவிட நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனில் பாய் கேட்டார். "ஊரைப் பார்த்தாச்சா தம்பி?"

"பார்த்தாச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"சாத்தியிருந்துச்சு பாய்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

பாய் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வார நாட்களில் ஆபீஸ் விட்டதும் கடலூரில் நடக்கத் தொடங்கினேன். அறையில் இருந்தால் மடித்த பாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி, கெடிலம் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு வரை. ஒருநாள் பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவன் முன்னால், அவள் பின்னால். எனக்கு ஒரு விபரீத ஆசை. அவள் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாலத்தின் மறுபக்கமாக, அவளுக்கு இணையாக, அதே வேகத்தில் நடந்து பார்த்தேன்.

உண்மைதான். அவன் சட்டைதான் தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல்திட்டில் நாரைகள் நின்றன, மேற்கே வானம் சிவந்திருந்தது. அதையெல்லாம் அவன் பார்த்தான், கையை நீட்டிக் காட்டவும் செய்தான். அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அவன் நாலடி போய்விட்டான். விட்டதைப் பிடிக்க அவள் ஓட வேண்டியிருந்தது. மறுபடியும் சட்டை.

திடீரென்று அவன் நின்று திரும்பினான். என் செருப்புச் சத்தம் அவனை வெகு நேரமாகத் தொந்தரவு செய்திருக்க வேண்டும்.

"என்னா சார் வேணும் உங்களுக்கு? பாலத்துல ஏறுனதுலேர்ந்து பாக்குறேன், எங்களையே உத்து உத்துப் பாத்துகினு வரீங்க."

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க கொஞ்சம் மெதுவா நடந்தா நல்லாருக்கும்" என்றேன்.

"நான் மெதுவா நடந்தா உங்களுக்கு என்னா?"

அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான், பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டு நடந்தான். கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தான் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். எனக்கு முட்டி வலி. சாயங்கால நடைக்குப் போனால் அவள் பத்தடி முன்னால் போகிறாள். அவள் ஜாக்கெட்டின் முதுகுத் தையல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

பாலத்தில் மாட்டிக்கொண்ட அந்த வாரம் மாமனாரின் கார்டு வந்தது. குழந்தை சௌக்கியம் (மகளைத்தான் சொல்கிறார்), தங்கள் வேலைப் பளு குறையக் கடவுளை வேண்டுகிறோம் என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி, வேறு கையெழுத்தில். 'பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கவும்.'

அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நாற்பது தடவை படித்திருப்பேன். நான் பாத்திரத்தைக் கரியாக்குவேன் என்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. ஊற வைக்கவும் என்பதில் 'ற'வின் சுழி சற்றுக் கோணலாக இருந்தது. எழுதும்போது அவள் சிரித்திருக்கிறாள் என்பதற்கு அது ஆதாரம் என்று முடிவு கட்டினேன். பாத்திரத்தை ஊற வைத்தேன். மறுநாள் ஆபீஸுக்கு அந்தக் கார்டைச் சட்டைப்பையில் எடுத்துப் போனேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வண்டி கிள்ளையில் நின்றது. எதிர் வண்டி வர வேண்டும் என்றார்கள். அரை மணி, முக்கால் மணி. எனக்குப் பொறுக்கவில்லை. இங்கிருந்து நாலைந்து மைல்தானே, நடந்தே வண்டிக்கு முன்னால் போய்விடலாம் என்று இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் கிளம்பினேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொண்டே நடந்தேன். ஒரு மைல் போவதற்குள் பின்னால் விசில் சத்தம். என் வண்டி என்னைத் தாண்டிப் போனது. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலில் இப்போது ஒரு மொட்டைத் தலை. அது எனக்குக் கையசைத்தது.

சிதம்பரம் சேர்ந்தபோது மத்தியானம். முழங்கால் வரை சேறு.

"இன்னிக்கு வயக்காட்டையும் சேத்துப் பாத்தாச்சா?" என்றார் பாய். "ஏறுங்க தம்பி. சும்மாவே கொண்டு விடறேன். மேலவீதிதான?"

மேலவீதி என்று நான் சொல்லவே இல்லை. "இல்லை பாய், நடந்தே போறேன்" என்று வேகமாக நகர்ந்தேன்.

அன்றைக்குத்தான் குடையும் கைவிட்டது. கீழவீதியில் மாமனாரின் கடைக்கு நேர் எதிரில் ஆடிக் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. குடை மேல்நோக்கி விரிந்து, நான் ஒரு புனலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்போல் ஆனேன். கடைக்குள் மாமனார் ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன, அல்லது சந்திக்கவில்லை, சத்தியமாகத் தெரியாது. அவர் மறுபடி குத்துவிளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். மேலவீதிக் கதவு சாத்தியே இருந்தது. மாடியில் சேலையும் இல்லை. இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டு ரயிலேறினேன். எப்போதாவது ஒரு தடவை அந்தக் கதவு திறந்திருந்தால்கூட உள்ளே போகிற தைரியம் எனக்கு வந்திருக்காது. அது வேறு விஷயம். திறந்திருக்கலாம்.

மாமனாரின் அடுத்த கார்டின் அடியில் ஒரு வரி. 'செருப்புக்கு விளக்கெண்ணெய் போடவும்.'

உருகிப்போனேன். என் கால் வலிக்கும் என்று எவ்வளவு கவலை. வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை, வாங்கவும் மறந்துவிட்டேன். ஆனால் கார்டு மட்டும் சட்டைப்பையில் முதல் கார்டோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாம் பெருக்கு. வண்டி முழுக்கக் கட்டுச்சோறு வாசனை. எலுமிச்சை, புளி, தேங்காய். ஒவ்வொரு குடும்பமாக மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா எதிர் சீட்டிலிருந்து, "தனியாவா போற? ஊட்டுக்காரி எங்க?" என்றாள். "சிதம்பரத்துல" என்றேன். "பின்ன என்னா, இன்னிக்குப் பார்த்துருவ" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த மாதத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் கனமாக இருந்தது.

மேலவீதிக்கு வந்தேன். பச்சைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

ஆற்றுக்குப் போயிருப்பார்கள். கொள்ளிடம். ஊரே போயிருந்தது, வீதியில் ஆளில்லை. சாத்திய கதவை இரண்டு வாரமாகப் பார்த்துச் சலித்தவன்தான் நான். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அது அத்தனை பெரிய வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் அப்படியே வெறும் செங்கல்லும் காரையுமாக ஆகிவிட்டது. கோபுரம்கூட யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல் நின்றது. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அடுத்த வண்டி சாயங்காலம்தான். வேறு வழியில்லாமல் இன்னொரு சுற்று. வெயில் ஏறியது. செருப்பு காய்ந்துபோய் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தியது.

மூன்றாம் சுற்றில் மேலவீதி திரும்பினேன். பூட்டு இல்லை.

நடையை மாற்றக்கூடாது, பக்தன்போலவே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பச்சைக் கதவுக்கு நேரே வந்ததும் வலது செருப்பின் வார் 'பட்' என்று அறுந்தது. ஒற்றைக் காலில் இரண்டு குதி குதித்து, கையில் செருப்போடு நடுவீதியில் நின்றேன். ஊரே அமைதியாக இருந்தது.

கதவு திறந்தது. அவள் நின்றாள். அந்தக் கடுகு நிறச் சேலை. பதினெட்டு நாளாக நான் வாய்க்குள் வைத்திருந்த பேச்சு எதுவும் வெளியே வரவில்லை.

"செருப்பு அறுந்துடுச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "சத்தம் நின்னுச்சே. அதான் வந்து பார்த்தேன்."

"என்ன சத்தம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "மொத வாரம் அஞ்சு சுத்து. போன வாரம் ரெண்டோட நிறுத்திட்டீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். தெருவே சிரிக்குது. எண்ணெய் போடுங்கன்னு எழுதினேன், போடல. சரி, இந்தக் கதவுகிட்ட வரப்ப அறுந்து போவட்டும்னு காலையில கொள்ளிடத்துல வெளக்கு விட்டு வேண்டிக்கிட்டேன்."

"கதவைத் திறந்திருக்கலாம்ல?"

"நீங்க தட்டியிருக்கலாம்ல?"

அதற்குள் மாமியார் வந்துவிட்டாள். "வாங்க மாப்ள, வெயில்ல நிக்கிறீங்களே" என்று பதறி உள்ளே மறைந்தாள், பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. மாமனார் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். அறுந்த செருப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, அதே மரியாதைதான்.

"போன வாரம் கடை வாசல்ல பார்த்தேன் மாப்ள. கவர்மெண்டு வேலையா வந்துருப்பீங்க, நாலு வீதியையும் அளக்கறீங்கபோலன்னு நெனச்சேன். நடுவுல கூப்புட்டுக் கெடுக்க வேணாம்னு உட்டுட்டேன்."

"ஆமா மாமா. அளந்துகிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். அவள் சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டாள். அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது. இருமல் இல்லை.

ஐந்து வகைச் சாதத்தோடு கொத்சும் வைத்தார்கள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தாள்.

ஆடியில் மாப்பிள்ளை தங்கக்கூடாது. சாயங்கால வண்டிக்குக் கிளம்பினேன். மாமனார் தன் ரப்பர் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, என் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தைச்சு வெக்கிறேன்" என்று தானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். பெருக்கு நாள் என்பதால் மகளும் கூட வரலாம் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். மாமனார் வழக்கம்போல் முன்னால் போனார், பத்தடி. நான் அவரோடு சேர்ந்துகொள்ளக் காலை எட்டி வைத்தேன். பிறகு நின்றேன். அவள் பக்கத்தில் வந்ததும் நடந்தேன்.

ரப்பர் செருப்பு சத்தமே போடவில்லை. அதனால் இன்னொரு சத்தம் கேட்டது. கல்லில் படும்போது லேசாக ஒரு 'டிக்'. இரண்டடிக்கு ஒரு தடவை. என்ன என்று குனிந்து பார்த்தேன். அவள் மெட்டி. ஏழு வாரம் என் பின்னால் வந்த மெட்டி. இப்போதுதான் கேட்கிறேன்.

அவள் ஊரைக் காட்டிக்கொண்டே வந்தாள். இந்தப் படியில விழுந்துதான் இங்க தழும்பு. இந்தக் கடையிலதான் ஸ்கூல் விட்டு வரப்ப மாங்காய். தெற்கு வீதியில் ஆடுகிற சாக்கடைக் கல் வந்ததும், "பார்த்து, இது ஆடும்" என்று என் கையைத் தொட்டாள். நான் அந்தக் கல்லை அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. பத்துச் சுற்றுச் சுற்றிய வீதி, யாரோ புதிதாகப் போட்டதுபோல்.

ஸ்டேஷன் வாசலில் பாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். குதிரைக்கு மட்டும், "தெறந்துடுச்சு போல" என்று தகவல் கொடுத்தார்.

வண்டி வந்தது. நான் ஏறி ஜன்னலில் உட்கார்ந்தேன். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் விருந்துக்கு வரணும் மாப்ள. ஆடி முடியப்போவுது."

என் தொண்டை தானாகச் செருமியது. பரம்பரைப் பழக்கம். "லீவு கெடைக்குமோ என்னமோ மாமா, ஆபீஸ்ல..."

மாமனார் முகத்தில் அந்தப் பழைய மரியாதை பரவத் தொடங்கியது. 'சரி மாப்ள' என்று சொல்ல வாய் திறந்தார்.

"கெடைக்கும்ப்பா" என்றாள் அவள்.

ரயில் கார்டு விசில் ஊதினார். வண்டி அசைந்தது. இந்தத் தடவை மாமனாரைப் பார்க்காமல் நேராக அவளைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த பெட்டியிலிருந்து ஒருவர் "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவள் சிரித்தாள். இது முழுச் சிரிப்பு, வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வளைவு திரும்பும்வரை அந்தக் கடுகு நிறம் பிளாட்பாரத்தில் தெரிந்தது. பிறகு வயல்தான்.

கிள்ளையில் வண்டி மறுபடி அரை மணி நின்றது. நான் இறங்கவில்லை. மாமனாரின் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.